பதினைந்துக்குப் பூஜ்யம்

2022 ஜூன் 23, வியாழக்கிழமை. சாயங்காலம் வாக்குப்பதிவு முடிந்ததும் எங்கள் வீட்டுக்கார அம்மா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து வராந்தாவில் வைத்தார். பழைய ரேடியோ. ஏரியல் ஒடிந்துபோய் அதில் ஒரு கம்பியைச் சுற்றி வைத்திருந்தார். தினமும் காலையில் மரண அறிவிப்பு கேட்பதற்கென்றே அவர் வைத்திருந்த ரேடியோ அது. கரீபியன் தீவு நாடான கிரெனடாவில் யார் செத்தார்கள், எந்த ஊர், யாருடைய அம்மா, எந்த மாதா கோயிலில் அடக்கம் என்று ரேடியோவில் வாசிப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது. தேர்தல் முடிவுகளையும் அவர் அதே முகத்தோடுதான் கேட்க உட்கார்ந்தார்.

வாசல்படியில் அவர் மகன் உட்கார்ந்திருந்தான். கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைக்கும் செயின்ட் ஜார்ஜஸ் நகரத்துக்கும் இடையே ஓடும் வேன்களில் ஒன்று அவனுடையது. அம்மா பச்சைச் சட்டை, மகன் மஞ்சள் சட்டை. பச்சை என்றால் புதிய தேசியக் கட்சி, சின்னம் வீடு. மஞ்சள் என்றால் தேசிய ஜனநாயகக் காங்கிரஸ், சின்னம் இதயம். ஒரு மாதமாக ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கொடியில் இரண்டு சட்டைகளையும் காயப்போட்டு, ஒருவரோடு ஒருவர் அரசியல் பேசாமல் இருந்தார்கள். பேசினால் சண்டைதான். முந்தைய வாரம் ஒருநாள் சாப்பிடும்போது குரல் உயர்ந்து, தட்டு நகர்ந்து, மகன் எழுந்து போய்விட்டான். அம்மா அவன் தட்டை மூடிவைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சபையில பேச ஆள் இல்லைன்னா எல்லாரும் சாப்பாட்டு மேசையிலதான் பேசுவாங்க, பிள்ளை."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவருக்கு அங்கே மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை. அதனால் இரண்டு வருடம் அந்தத் தீவில் இருந்தோம். போவதற்கு முன் எனக்குக் கிரெனடா பற்றித் தெரிந்ததெல்லாம் 1983 இல் அமெரிக்கா படையெடுத்த நாடு என்பது மட்டும்தான். அந்த வருடம் நவம்பரில் டெல்லியில் காமன்வெல்த் மாநாடு நடந்தபோது இந்தப் பெயர் பேப்பரில் அடிக்கடி அடிபட்டது என்று அப்பா சொல்லியிருந்தார். போய் இறங்கியதும் முதலில் கற்றுக்கொண்டது, வேனில் ஏறும்போது எல்லோருக்கும் சேர்த்து 'குட் மார்னிங்' சொல்ல வேண்டும் என்பதை. சொல்லாமல் ஏறினால் மரியாதை தெரியாதவர் என்று நினைப்பார்கள். ஏறுகிற ஒவ்வொருவரும் சொல்வார்கள், உள்ளே இருக்கிற எல்லோரும் பதில் சொல்வார்கள். தேர்தல் நேரத்தில்கூட அது நிற்கவில்லை. பச்சை ஏறினால் மஞ்சளும் பதில் வணக்கம் சொன்னது.

நாட்டின் மொத்தப் பரப்பு 344 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியே அதைவிடப் பெரியது. மக்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். இதில் 15 தொகுதிகள். அதில் ஒரு தொகுதி கரியாகூ, பெட்டிட் மார்ட்டினிக் என்ற இரண்டு குட்டித் தீவுகள் சேர்ந்தது. ஒரு தொகுதிக்குச் சராசரியாக ஆறாயிரம் வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறாயிரம் பேர் என்றால் வேட்பாளருக்கு எல்லோரையும் தெரியும். அதைவிட முக்கியம், எல்லோருக்கும் வேட்பாளரைத் தெரியும். அவர் பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தார், அவர் அப்பா யாரிடம் கடன் வாங்கினார், எந்தச் சாவுக்கு வந்தார், எந்தச் சாவுக்கு வரவில்லை, எல்லாம். வாக்குச்சாவடி வாரியாகக் கணக்கு வெளியே வரும்போது, ஒரு பெட்டியில் சில நூறு சீட்டுதான். எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று உட்கார்ந்து யோசித்தால் ஓரளவு ஊகித்துவிடலாம். ரகசிய வாக்கெடுப்புதான், சட்டப்படி யாருக்கும் தெரியாதுதான். ஆனால் அந்த ஊகத்தோடுதான் மறுநாள் காலையில் ஒரே கடையில் ரொட்டி வாங்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஓர் ஊரில், பத்துக்கு நான்கு பேர் வாக்களித்த கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை என்றால் என்ன ஆகும்? கிரெனடாவில் எதிர்க்கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லாமல் போனது ஒரு முறை அல்ல, மூன்று முறை.

முதல் முறை 1999 ஜனவரியில். கீத் மிட்செல் தலைமையிலான பச்சைக் கட்சி 15 இடங்களையும் அள்ளியது. இரண்டாவது 2013 பிப்ரவரியில். மூன்றாவது 2018 மார்ச்சில். கடைசி இரண்டு முறையும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: பச்சைக்கு 59 விழுக்காட்டை ஒட்டி வாக்கு, மஞ்சளுக்கு 40 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இடங்கள் 15, பூஜ்யம். நம் ஊரைப் போலவே அங்கேயும் ஒரு தொகுதியில் யாருக்கு அதிக வாக்கோ அவர் ஜெயித்தார். பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன முறை. பெரிய நாட்டில் இந்த முறையின் கூர்மை ஒரு மூலையில் இல்லாவிட்டால் இன்னொரு மூலையில் மழுங்கிவிடும். வடக்கே தோற்றவன் தெற்கே ஜெயிப்பான். 344 சதுர கிலோமீட்டரில் மூலை ஏது? ஒரு காற்று அடித்தால் தீவு முழுக்க அடிக்கிறது.

அதே மக்கள், அதே தலைவர்கள், 2003 இல் எப்படி வாக்களித்தார்கள் தெரியுமா? 8க்கு 7. அந்த எட்டாவது இடம் கரியாகூ தொகுதியில் விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளில் நின்றது. எங்கள் வீட்டுக்கார அம்மாவின் தங்கை கரியாகூவில்தான் இருக்கிறார். "என் தங்கச்சி வீட்டு வாசல்ல உக்காந்திருக்கிற ஆளுங்கதான் அன்னைக்கு நாட்டையே முடிவு பண்ணினாங்க" என்பார். மிகைப்படுத்தல் என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் மிகையே இல்லை.

இப்போது பூஜ்யத்துக்கு வருகிறேன். எதிர்க்கட்சி இல்லாத நாடாளுமன்றத்தில் என்ன குறையும் என்று கேட்டால், முதலில் ஒரு பதவி குறையும். எதிர்க்கட்சித் தலைவர் என்பது அரசியல் சட்டத்தில் இருக்கிற பதவி. 13 பேர் கொண்ட மேலவையில் மூன்று பேரை நியமிப்பது அவர் ஆலோசனைப்படிதான். ஆள் இல்லை என்றால் அந்த வழியே அடைபடுகிறது. 2018 இல் ஜெயித்த பதினைந்து பேரில் ஒருவரான டோபியாஸ் கிளமென்ட் சில வாரங்களிலேயே ஆளுங்கட்சியை விட்டு வெளியே வந்து எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அவர் வந்ததில் சபைக்கு நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மஞ்சளுக்குப் போட்ட நூற்றுக்கு நாற்பது பேரின் குரல் அது இல்லை. பச்சைக்குப் போட்ட ஒரு தொகுதியின் உறுப்பினர் அவர். வீட்டுக்கார அம்மாவின் மகன் இதைச் சொல்லும்போது கோபம்கூட வராது, ஒரு மாதிரி சோர்வாகத்தான் சொல்வான். "நான் ஓட்டுப் போட்டது எங்கே போச்சுன்னு எனக்கே தெரியலை."

இதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு வந்தது. 2016 நவம்பரில் பொதுவாக்கெடுப்பு. ஏழு மசோதாக்கள். அதில் ஒன்று, ஒரே கட்சி எல்லா இடங்களையும் பிடித்தாலும் எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் இருப்பதை உறுதி செய்வது. இன்னொன்று தேர்தலுக்கு நிலையான தேதி. பிரதமருக்குப் பதவிக்கால வரம்பு இன்னொன்று. என் பார்வையில் மூன்றுமே நல்லவை. ஏழும் தோற்றன. அரசியல் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், வாக்களிக்க வந்தவர்களே மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

இது எனக்குப் பல நாள் புரியவே இல்லை. தனக்கு நல்லதை ஒரு ஜனம் ஏன் வேண்டாம் என்று சொல்லும்? அந்த அம்மாவிடமே கேட்டேன். அவர் சீமைப்பலாவை, ஈழத்தில் ஈரப்பலா என்பார்களே அதை, கீறிக்கொண்டிருந்தார். ஆயில் டவுன் என்று அவர்கள் தேசிய உணவு ஒன்று உண்டு. சீமைப்பலா, உப்புக்கண்டம், சேம்பு இலை மாதிரி ஒரு கீரை, எல்லாவற்றையும் அடுக்கித் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் ஊற்றி, பால் வற்றி எண்ணெய் அடியில் தங்கும்வரை வேகவிடுவார்கள். மஞ்சளை அவர்கள் 'சாஃப்ரன்' என்றுதான் சொல்வார்கள். வாசனை மட்டும் நம் வீட்டு வாசனை. கத்தியை நிறுத்தாமல் பதில் சொன்னார்: "எங்க கையில இருந்து ஒரு தடவை வாக்குச்சீட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் சட்டத்தை மாத்துறேன்னு யார் வந்தாலும் பயமா இருக்கு."

எப்போது வாங்கி வைத்துக்கொண்டார்கள்? 1979 மார்ச் 13. அதற்கு முன் எரிக் கெய்ரியின் காலம். 1951 இல் வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்ததும் ஏழைத் தோட்டத் தொழிலாளிகளின் தலைவராக மேலே வந்தவர், 1974 இல் விடுதலை வாங்கும்போது பிரதமர். ஆனால் அதற்குள் அவருடைய அடியாள் படை ஊரையே நடுங்க வைத்திருந்தது. 1976 தேர்தல் நேர்மையாக நடக்கவில்லை என்பது எதிர்க்கட்சிகளின் உறுதியான குற்றச்சாட்டு. அவர் நியூயார்க் போயிருந்த சமயம் பார்த்து மாரிஸ் பிஷப்பின் இயக்கம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஜனம் தெருவில் இறங்கிக் கொண்டாடியது. வீட்டுக்கார அம்மாவும் கொண்டாடினார். இருபத்தெட்டு வயது அவருக்கு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எழுத்தறிவு வகுப்பு என்று புரட்சி அரசு செய்ததை இன்றைக்கும் மரியாதையோடு சொல்வார். ஆனால் அரசியல் சட்டத்தை நிறுத்தி வைத்த பிஷப், நடத்துவதாகச் சொன்ன தேர்தலை நான்கரை வருடத்தில் நடத்தவில்லை. கேள்வி கேட்டுப் பத்திரிகை நடத்த முயன்றவர்களைச் சிறையில் போட்டார்கள். அவர்களில் ஒருவர் டில்மன் தாமஸ். பின்னாளில் 2008 இல் பிரதமரானவர் அவர்தான்.

1983 அக்டோபரில் இயக்கத்துக்குள்ளேயே பிளவு. 19ஆம் தேதி செயின்ட் ஜார்ஜஸ் கோட்டையில் பிஷப்பையும் அவர் தோழர்களையும் அவர்களுடைய ஆட்களே சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள். உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆறு நாள் கழித்து அமெரிக்கப் படை வந்து இறங்கியது. வேட்டுச் சத்தம் கேட்டு அந்த அம்மா கட்டிலுக்கு அடியில் குழந்தையோடு கிடந்திருக்கிறார். அது மூத்த மகள், இப்போது ப்ரூக்ளினில் இருக்கிறார். அடுத்த வருடம் டிசம்பர் 3ஆம் தேதி தேர்தல். எட்டு வருடத்துக்குப் பிறகு வாக்குச்சாவடி. "விரலை மையில முக்கினப்ப அழுதேன்" என்று ஒரே ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அந்தத் தேர்தலிலும் ஜெயித்த கட்சிக்கு 15 இல் 14. ஹெர்பர்ட் பிளேஸ், கரியாகூக்காரர், பிரதமர்.

இந்த வரலாறு தெரிந்தபிறகு 2018 தேர்தல் நாளை மார்ச் 13 என்று வைத்தது எனக்கு உறுத்தியது. புரட்சி நடந்த அதே தேதி. இப்படிப்பட்ட ஊரில் தேதிகூட ஒரு பேச்சுதான். கியூபத் தொழிலாளர்கள் கட்டிய விமான நிலையத்துக்கு 2009 இல் மாரிஸ் பிஷப் பெயரை வைத்தது மஞ்சள் அரசு. அதில்தான் நாங்களும் இறங்கினோம். குடியேற்ற வரிசையில் நிற்கும்போது மேலே அந்தப் பெயரைப் படித்துவிட்டு, யாரோ பழைய ஆளுநர் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, 2022க்கு வருவோம்.

கீத் மிட்செலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணக்கு, புள்ளியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர், கிரெனடா கிரிக்கெட் அணியின் தலைவராகவும் இருந்தவர். 1984 இல் ஜெயித்த தன் தொகுதியை அதற்குப் பிறகு விட்டதே இல்லை. 1995 முதல் 2008 வரை, பிறகு 2013 முதல் என்று மொத்தம் இருபத்திரண்டு வருடத்துக்கு மேல் பிரதமர். எங்கள் வீட்டுக்கார அம்மா அவருக்குப் போடுவதற்குக் காரணம் கூரை. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் அந்தத் தீவின் வீடுகளில் பத்தில் ஒன்பதைச் சேதப்படுத்தியது. நாட்டின் கொடியிலேயே இருக்கிற ஜாதிக்காய், அந்த மரங்கள் வேரோடு போயின. ஜாதிக்காய் மரம் மறுபடி வளர்ந்து நன்றாகக் காய்க்கப் பல வருடம் ஆகும். அவருடைய கூரையும் பறந்தது. திரும்ப வந்த கூரையை அவர் எந்தக் கட்சியிடமிருந்து வந்தது என்று மறக்கவில்லை. கட்சிச் சின்னமே வீடு. இதை நான் ஏமாளித்தனம் என்று நினைக்க மாட்டேன். மழையில் நனைந்தவருக்குத்தான் கூரையின் அருமை தெரியும்.

மகனுக்கு வேறு கணக்கு. அவன் மனைவி ஆசிரியை. 2018 கடைசியில் ஓய்வூதியம் தொடர்பான சண்டையில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அது அந்த வீட்டை உலுக்கியிருந்தது. அப்புறம் 2021. அந்த வருடம் ஆகஸ்ட் வரை கொரோனாவுக்கு ஒரே ஒரு சாவு என்றிருந்த நாட்டில், அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் சுமார் 200 பேர் போனார்கள். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் 200. காலை மரண அறிவிப்பு நீண்டுகொண்டே போனது, அந்த அம்மா ஒருநாள் பாதியிலேயே ரேடியோவை அணைத்தார். அந்த வருட அக்டோபர் கடைசியில் டிக்கன் மிட்செல் என்ற வக்கீல் மஞ்சள் கட்சிக்குத் தலைவரானார். நாற்பத்து நான்கு வயதை ஒட்டியவர், தேர்தலில் அதுவரை நின்றதில்லை. பெயர் ஒன்றுதானே தவிர கீத் மிட்செலுக்குச் சொந்தம் இல்லை. 2023 வரை தேர்தலுக்கு அவகாசம் இருந்தும் 2022 மே மாதமே சபையைக் கலைத்தார்கள்.

ரேடியோவில் பெட்டி பெட்டியாக எண்கள் வந்தன. அந்த அம்மா ஒரு பழைய காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் 15 கோடு போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வரி. மகனும் அவன் கூட்டாளிகளும் கீழே ரோட்டில் நின்றார்கள். முதலில் இரண்டு பக்கமும் சமமாகத்தான் போனது. பச்சை ஏறும்போது அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுதினார், மஞ்சள் ஏறும்போதும் ஒன்றும் சொல்லாமல் எழுதினார். கரியாகூ மஞ்சளுக்குப் போனது என்று வந்தபோது மட்டும் பென்சில் நின்றது. "தங்கச்சி வீட்டு வாசல்" என்றார் மெதுவாக.

ஒன்பதுக்கு ஆறு. மஞ்சள் ஒன்பது, பச்சை ஆறு. வாக்கு விழுக்காடு கிட்டத்தட்ட 52க்கு 48. ரோட்டில் ஹாரன் சத்தம், பாட்டு, யாரோ பானையைத் தட்டுகிறார்கள். மகன் படியேறி வந்தான். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு மஞ்சள் சட்டையைக் கழற்றி வராந்தாக் கைப்பிடியில் போட்டுவிட்டு, பனியனோடு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவர் காலண்டர் தாளை அவனிடம் நீட்டிக் கூட்டல் சரியா என்று பார்க்கச் சொன்னார். அவன் விரல்விட்டு எண்ணினான். "சரியா இருக்கும்மா. ஆறு உங்களுக்கு" என்றான்.

"ஆறு போதும்" என்றார். "ஆறு பேர் பேசலாம்."

மறுநாளே டிக்கன் மிட்செல் பிரதமராகப் பதவியேற்றார். கீத் மிட்செல் தன் தொகுதியில் ஜெயித்திருந்தார், எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். இருபத்திரண்டு வருடம் பிரதமராக இருந்த ஒருவர் எதிர் வரிசையில் போய் உட்கார்ந்து கேள்வி கேட்பது எனக்குப் பெரிய விஷயமாகப்பட்டது. ஆட்சி மாறியது அதைவிடச் சின்ன விஷயம் என்றுகூடத் தோன்றியது. இது என் கருத்து, அந்த ஊரில் மகனைப் போன்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐந்தாறு நாளில் ஜூன் 29, மீனவர் பெருநாள். புனித பேதுருவின் நாள். கூயாவ் என்ற மேற்குக் கரை மீனவ ஊரில் பாதிரியார் வந்து படகுகளுக்கும் வலைகளுக்கும் ஆசி வழங்குவார். அப்புறம் படகுப் போட்டி, வறுத்த மீன், இரவெல்லாம் பாட்டு. மகனின் வேனிலேயே போனோம், அந்த அம்மாவும் வந்தார். தேர்தல் சுவரொட்டிகள் இன்னும் கம்பங்களில் இருந்தன, மழையில் பாதி உரிந்து. கடற்கரையில் ஒரு மீனவர் பச்சைக் கட்சிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் கட்சிச் சட்டையால் படகைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு அவரிடம் போய் நின்றார். திட்டப்போகிறாரோ என்று நினைத்தேன். "துணி நல்ல துணி, வீணாக்காதே" என்று சொல்லி அந்த மஞ்சள் சட்டையை வாங்கி, கடல் தண்ணீரில் அலசி, பிழிந்து மகன் கையில் கொடுத்தார்.

நாங்கள் அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிவிட்டோம்.

2024 ஜூலை 1ஆம் தேதி பெரில் புயல் கரியாகூவை நேராகத் தாக்கியது. அந்தச் சின்னத் தீவில் சேதப்படாத கட்டடம் என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய எதுவும் இல்லை. மூன்று நாள் அந்த அம்மாவுக்குப் போன் போகவில்லை. நான்காம் நாள் மகன் எடுத்தான். அவர்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கை உயிரோடு இருக்கிறார். கூரை இல்லை. அந்த வாசல் இருந்த இடம் தெரியவில்லை.

அம்மாவிடம் போனைக் கொடுத்தான். பின்னணியில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. மரண அறிவிப்பா என்று பயந்து கேட்டேன்.

"இல்லை, செய்தி. சபை கூடும்போது சொல்லுவாங்க, அதுக்காகப் போட்டு வச்சிருக்கேன்."

தங்கச்சி கூரையைப் பற்றி யாராவது கேட்பார்களா என்று கேட்டேன்.

"கேப்பாங்க. ஆறு பேர் இருக்காங்களே" என்றார்.